இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவே

அத்தை வீட்டு ஃபிரிட்ஜுக்குள் ஒரே நேரத்தில் பல பருவங்கள் நடக்கின்றன. பால் பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும் நிற்கிற கதவுத் தட்டில் எப்போதும் கொஞ்சம் வெக்கை. ஃப்ரீசருக்குக் கீழே, பின்சுவரை ஒட்டிய இடத்தில் கொத்தமல்லிக் கட்டை வைத்தால் மறுநாள் உறைந்து கறுத்துப்போகும். நடுத்தட்டின் நடுவில், இட்லி மாவுக்கும் மோர்க்குழம்புக்கும் இடையே, ஒரு எவர்சில்வர் டப்பாவில் இன்சுலின் குப்பிகள். அந்த டப்பாவின் இடத்தை வீட்டில் யாரும் மாற்றக் கூடாது. திறக்காத இன்சுலின் 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவே இருக்க வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால், இளகியபின் பார்க்க எவ்வளவு தெளிவாக இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். வெக்கையில் கிடந்தால் வீரியம் குறைந்துகொண்டே போகும். அதுவும் குப்பியைப் பார்த்தால் தெரியாது. போட்டுக்கொண்டவரின் ரத்தச் சர்க்கரையில்தான் தெரியும்.

அதனால்தான் அந்த டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு கம்பியில்லா வெப்பநிலை சென்சார் வைக்க நினைத்தேன். ஹாலில் டி.வி.க்குப் பின்னால் ஏற்கெனவே ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி ஒன்று உண்டு. தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்துவதற்காக வைத்தது. அதில் ஓடுவது ஹோம் அசிஸ்டென்ட். பௌலுஸ் ஸ்கௌட்சன் என்பவர் 2013இல் தன் வீட்டு விளக்குகளை ஏற்றி அணைக்க எழுதத் தொடங்கி, உலகெங்கும் இருந்து பல பேர் கைகொடுத்து வளர்ந்த மென்பொருள். அதை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம்தான்: வீட்டில் அளந்தது வீட்டுக்குள்ளேயே இருக்கும். அத்தை எத்தனை மணிக்கு ஃபிரிட்ஜைத் திறக்கிறார், மருந்து எப்படி இருக்கிறது என்பதெல்லாம் எங்கோ ஒரு கம்பெனியின் கணினிக்குப் போய்த் திரும்ப வேண்டிய தேவை இல்லை.

சென்சார் உள்ளங்கையில் அடங்குகிற வெள்ளைப் பெட்டி. உள்ளே ஒரு சிஆர்2032 பட்டன் பேட்டரி. ராஸ்பெர்ரி பையின் பக்கம் ஜிக்பீ என்ற ரேடியோ முறையில் பேசும் குச்சி ஒன்றைச் செருகி, புதிய கருவிகள் சேரலாம் என்று அனுமதி திறந்துவிட்டு, சென்சாரின் பொத்தானை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் நீல விளக்கு கண் சிமிட்டும். திரையில் முதலில் ஒரு நீண்ட எண் வரும். அதுதான் அந்தக் கருவியின் பிறப்பு அடையாளம். பிறகு இரண்டும் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும்: நீ யார், எதை அளப்பாய், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை சொல்வாய். கடைசியில் எண் வந்தது: 29.4. உண்மையில் சென்சார் அனுப்புவது 2940. டிகிரியின் நூறில் ஒரு பங்குக் கணக்கில் முழு எண்ணாகத்தான் ஜிக்பீயில் வெப்பநிலை பயணம் செய்கிறது. புள்ளி வைப்பது இந்தப் பக்கம்.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையருகே வந்தார்.

“ஏல, இது யாரு பாத்து எழுதுன நம்பரு?”

“யாரும் எழுதல அத்தை. அதுவா அனுப்புது.”

“அப்பம் கையெழுத்து யாரு போடுவா?”

நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

அத்தை தாமிரபரணிக் கரையோர ஊர் ஒன்றில் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்தாளுநராக இருந்தவர். முழுப் பரீட்சை லீவுக்கு நான் அங்கேதான் போவேன். மருந்துக் கிடங்குக்குப் பின்னால் ஓர் அறை. அதில் மேல்பக்கம் திறக்கிற பெரிய வெள்ளைப் பெட்டி. எல்லோரும் ஐ.எல்.ஆர். என்பார்கள். உட்சுவரைச் சுற்றித் தண்ணீர் அடைத்திருக்கும். அது உறைந்து பனிச்சுவராக நிற்கும். 24 மணி நேரத்தில் 8 மணி நேரம் மின்சாரம் வந்தாலே உள்ளே இருக்கும் தடுப்பூசிகளைக் காப்பாற்றிவிடும். மேலே திறப்பதற்கும் காரணம் உண்டு. குளிர்ந்த காற்று கனமானது, கீழேயே தங்கும். நம் வீட்டு ஃபிரிட்ஜின் கதவைத் திறந்தால் அது காலடியில் கொட்டிப்போகிறது.

போலியோ, தட்டம்மை, பி.சி.ஜி. மருந்துகளைக் கீழே வைக்கலாம், குளிர் தாங்கும். முத்தடுப்பு ஊசியும் டி.டி.யும் மேலே கூடையில்தான். அவை உறையக் கூடாது. உறைந்ததோ என்று சந்தேகம் வந்தால் அத்தை ஒரு சோதனை செய்வார். அதே மருந்தில் ஒரு குப்பியை வேண்டுமென்றே உறைய வைத்து, இளகவிட்டு, சந்தேகக் குப்பியோடு சேர்த்துக் குலுக்கி, இரண்டையும் மேசை மேல் வைப்பார். உறைந்த மருந்தில் துகள்கள் சீக்கிரம் அடியில் படியும். இரண்டையும் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் நான் பேசினால் திட்டு விழும்.

பெட்டிக்கு மேலே சுவரில் ஆணி. ஆணியில் நூல் கட்டிய பதிவேடு. காலை, மாலை இரண்டு வேளையும் தெர்மாமீட்டரைப் பார்த்து எழுத வேண்டும். தேதி, நேரம், டிகிரி, மின்தடை உண்டா, கையெழுத்து. வாரம் ஒருமுறை டாக்டர் பார்த்துக் கையெழுத்திடுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்குப் போகிறவர்களின் எதிரே அத்தை சுகாதார நிலையத்துக்கு நடந்துபோவதைப் பார்த்திருக்கிறேன், அந்த ஒரு எண்ணுக்காக. லீவு நாளில் வீட்டிலேயே இருந்து “4” என்று எழுதிவிட்டால் என்ன கெட்டுவிடும் என்று மாமா ஒருமுறை கேட்டார். அத்தை கோபப்படவில்லை. “எழுதாம விட்டா, யாரும் பாக்கலன்னு தெரியும். பாக்காம எழுதுனா அதுகூடத் தெரியாதுல்லா” என்றார்.

புதன்கிழமை ஊசி நாள். அன்று ஐஸ் பாக்குகளை ஃப்ரீசரில் இருந்து எடுத்ததும் நேரே கேரியரில் அடுக்கமாட்டார்கள். வெளியே வைத்து, மேலே வியர்த்து, ஆட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்க வேண்டும். அப்போதுதான் அந்தப் பனிக்கட்டி பூச்சியம் டிகிரியில் இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு முன் அடுக்கினால் பக்கத்துக் குப்பியை உறைய வைத்துவிடும். காதருகே வைத்துக் கேட்டுப் பார்க்கும் வேலையை என்னிடம் தந்திருந்தார். எனக்குத் தெரிந்த முதல் வெப்பநிலை அளவை அதுதான், எண்ணே இல்லாமல்.

இதே பூச்சியத்தை இப்போது சென்சாரைச் சரிபார்க்கவும் பயன்படுத்துகிறேன். ஐஸ்கட்டியை நொறுக்கிக் கிளாஸ் நிறைய அடைத்து, இடைவெளியில் தண்ணீர் ஊற்றி, கலக்கிச் சற்று நேரம் விட்டால் அந்தக் கலவை பூச்சியத்திலேயே நிற்கும். அதில் சென்சாரின் முனையை வைத்தால் 0.4 காட்டியது. ஹோம் அசிஸ்டென்டில் அந்த 0.4ஐக் கழிக்கச் சொல்லிவிடலாம். கடையில் வாங்கிய எந்த சென்சாரையும் இந்தக் கிளாஸில் ஒருமுறை முக்காமல் நம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 8 டிகிரி எல்லைக்கு அருகே அரை டிகிரி பெரிய விஷயம்.

முனை என்று சொன்னேன். முழுப் பெட்டியையும் ஃபிரிட்ஜுக்குள் வைக்கலாம்தான்; ஆனால் ஃபிரிட்ஜ் சுற்றிலும் தகரம். ரேடியோ அலைக்குக் கதவின் ரப்பர் ஓரம் ஒன்றுதான் வழி. குளிரில் பட்டன் பேட்டரியின் மின்னழுத்தமும் இறங்கிப்போகும். பாதி உயிர் மிச்சமிருக்கும்போதே தீர்ந்துவிட்டதாகச் சொல்லும். எனவே நீண்ட கம்பியின் நுனியில் எவர்சில்வர் உறை போட்ட முனை உள்ள சென்சாராகப் பார்த்து வாங்கினேன். முனை உள்ளே, பெட்டி வெளியே. கம்பி மெலிந்தது; கதவு ரப்பர் அதை அணைத்து மூடிக்கொள்கிறது.

முனையை எங்கே தொங்கவிடுவது என்பதில்தான் அத்தை குறுக்கிட்டார். திரையில் கோடு தாறுமாறாக ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பால் எடுக்கக் கதவைத் திறந்தால் 11, மூடினால் சற்று நேரத்தில் 5.

“காத்துக்கு எதுக்குல காய்ச்சல் பாக்க? மருந்துக்குப் பாரு.”

பழைய இன்சுலின் குப்பி ஒன்றைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, ரப்பர் மூடியில் துளை போட்டு அதற்குள் முனையை இறக்கினோம். கோடு அடங்கிவிட்டது. கதவைத் திறந்து மூடும் பரபரப்பு அதில் இல்லை. மருந்து அனுபவிக்கிற வெப்பம் என்னவோ அதை மட்டும் சொன்னது. தடுப்பூசிக் கிடங்குகளில் தெர்மாமீட்டர் முனையைத் திரவத்துக்குள் வைக்கும் வழக்கம் உண்டு என்று நான் படித்திருந்தேன். அத்தை அதைப் படித்தவரல்ல, செய்தவர்.

எதை அளக்கிறோம் என்பது எங்கே வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. சென்னை நுங்கம்பாக்கத்தில் கல்லூரிச் சாலை வழியாகப் பல வருடம் வேலைக்குப் போனவன் நான். வானிலை ஆய்வு மையம் அங்கேதான். 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய வானாய்வு நிலையம் இருந்த இடம் அது. தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது. 2003 மே 31 அன்று அங்கே 45 டிகிரி பதிவானது. அன்று தார்ச் சாலையில் தெர்மாமீட்டரை வைத்திருந்தால் அதைவிட எவ்வளவோ கூடுதலாகக் காட்டியிருக்கும். ஆனால் அது தாரின் வெப்பம். 45 என்பது வெள்ளைச் சாயம் அடித்து, நாலு பக்கமும் சாய்வுப் பலகை வைத்து, வெயில் படாமல் காற்று மட்டும் புகுந்து போகிற ஒரு மரப்பெட்டிக்குள் எடுத்த எண். நம் பக்கம் அதன் கதவு வடக்கே பார்த்திருக்கும், திறந்தாலும் வெயில் விழாதபடி. தாமஸ் ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்துக் கலங்கரைவிளக்கப் பொறியாளர் வடிவமைத்தது. ‘புதையல் தீவு’ எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் அப்பா.

அந்த மரப்பெட்டி வருவதற்கும் முன்னால், 1802 கோடையில், பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்டன் நிலத்தை அளந்தபோது அவர் கையில் இருந்தது நூறு அடி எஃகுச் சங்கிலி. சித்திரை வெயிலில் எஃகு நீளும். சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, மேலே கூடாரத் துணி இழுத்து நிழல் செய்து, உள்ளே தெர்மாமீட்டர்கள் வைத்து, ஒவ்வொரு அளவிலும் வெப்பத்தால் வந்த நீட்சியைச் சரிக்கட்டிக் கணக்குப் போட்டார்கள். ஏழரை மைல் அப்படி. தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதிய அந்தக் கைகள் யாருடையவை என்று எந்தப் புத்தகத்திலும் தேடிப் பார்க்கத் தோன்றும் எனக்கு.

அத்தை வீட்டுக்குத் திரும்ப வருகிறேன். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே ஒன்றரை அடிச் சுவர், தாத்தா காலத்துக் கட்டு, செங்கலும் சுண்ணாம்பும். ஜிக்பீ பேசுவது வைஃபை புழங்குகிற அதே 2.4 கிகாஹெர்ட்ஸில், அதைவிட மிக மெல்லிய குரலில். அந்த அலைவரிசைக்கு உரிமம் வேண்டாம் என்று நம் நாட்டில் அறிவித்தது 2005இல். இதே ஹாலில் இருந்த ரேடியோவுக்குத் தாத்தா வருடா வருடம் தபால் ஆபீஸில் பணம் கட்டி லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்கி வைத்திருப்பார். எண்பதுகளில்தான் அது ஒழிந்தது. அவர் கேட்க மட்டும் உரிமம் வாங்கினார். இப்போது ஃபிரிட்ஜ் உரிமம் இல்லாமல் பேசுகிறது.

ஜிக்பீ குச்சியை ராஸ்பெர்ரி பையின் நீல நிற யூஎஸ்பி 3 துளையில் நேரே செருகக் கூடாது. அந்தத் துளையில் தரவு ஓடுவதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளப்பும். இன்டெல் நிறுவனம் 2012இல் இதை அளந்து வெளியிட்டிருக்கிறது. ஒரு மீட்டர் நீட்டிப்புக் கம்பி போட்டு, குச்சியை டி.வி.க்கு மேலே சுவரில் ஒட்டினேன். ஜிக்பீ 25ஆம் சேனலுக்கு மாற்றினேன், பக்கத்து வீடுகளின் வைஃபை அவ்வளவாக எட்டாத ஓரம் அது. இவையெல்லாம் ஒரு மாலையில் முடிகிற வேலை. முடியாத வேலை ஒன்று இருந்தது. அது சுவிட்சுகள்.

ஜிக்பீயில் பேட்டரிக் கருவிகள் பெரும்பாலும் தூங்கும். விழிக்கும்போது பக்கத்தில் யாராவது செய்தியை வாங்கிக் கைமாற்ற வேண்டும். மின்சாரத்தில் ஓடுகிற ஸ்மார்ட் பிளக் போன்றவை அந்த வேலையைச் செய்யும். சமையலறையில் மிக்ஸிக்குப் பக்கத்துத் துளையில் ஒரு பிளக் வைத்தேன். அருமையாக வேலை செய்தது, ராத்திரி ஒன்பது மணி வரை. ஒன்பது மணிக்கு அத்தை அடுப்படியைத் துடைத்து, சிலிண்டரை மூடி, ஃபிரிட்ஜைத் தவிர எல்லாச் சுவிட்சுகளையும் அணைப்பார். நாற்பது வருடப் பழக்கம். பல நாடுகளில் சுவர்த் துளைக்குச் சுவிட்சே கிடையாது. அங்கே எழுதுகிற வழிகாட்டிகளில் இந்தச் சிக்கல் வராது. அந்தப் பழக்கத்தை மாற்றச் சொல்ல எனக்கு மனமும் இல்லை, உரிமையும் இல்லை. அது அந்த வீட்டைத் தீயிலிருந்து காத்த பழக்கம். எலெக்ட்ரீஷியனை அழைத்து, பரணுக்குப் பக்கத்தில் சுவிட்சில்லாத துளை ஒன்று அடித்து, இன்வெர்ட்டர் லைனில் இணைத்து, பிளக்கை அங்கே ஏற்றினோம். ராஸ்பெர்ரி பையும் மோடமும்கூட அதே லைனுக்கு வந்தன.

இன்வெர்ட்டர் கட்டாயம். மின்வெட்டின்போதுதான் ஃபிரிட்ஜ் சூடாகும். மின்வெட்டின்போதே சொல்கிறவனும் வாயடைத்துப்போனால் இந்த ஏற்பாடு எதற்கு? 2012இல் எங்கள் பக்கமெல்லாம் பகலில் பாதிக்குமேல் மின்சாரம் இல்லாத நாட்கள் உண்டு. அப்போது இன்சுலினை நம்பியிருந்தவர்களுக்கு அத்தை சொல்லிக்கொடுத்தது பானை. அகன்ற மண்பானையில் ஈரமணல், அதற்குள் சின்னக் கலயம், அதற்குள் குப்பி, மேலே ஈரத்துணி. வெளியே 39, 40 என்று கொளுத்தினாலும் உள்ளே கணிசமாக இறங்கும். எங்கள் ஊரின் வறண்ட வெக்கையில் தண்ணீர் வேகமாக ஆவியாகும். கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் அவ்வளவு இறங்காது. பானையால் 8 டிகிரி வராது. பயன்பாட்டில் இருக்கும் திறந்த குப்பிக்குத்தான் அது உதவும். அதைத் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்புவார்.

போலியோக் குப்பிகளில் ஒட்டியிருந்த ஓர் அடையாளம் எனக்கு இன்றும் பொறாமை தருகிறது. சின்ன வட்டம், நடுவில் வெளிறிய சதுரம். வெக்கை படப்படச் சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்தைத் தொட்டுவிட்டால் மருந்தைக் கொடுக்கக் கூடாது. மறுபடி குளிரில் வைத்தாலும் நிறம் திரும்பாது. பட்ட வெப்பத்தையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு, எழுதப்படிக்கத் தெரியாதவரிடமும் உண்மையைச் சொல்லும். இன்சுலின் குப்பியில் அப்படி ஒன்று இருந்திருந்தால் நான் இந்த வேலையில் இறங்கியிருக்கவே மாட்டேன்.

இப்போது கையெழுத்துக் கேள்வி. சென்சார் மாற்றம் இருந்தால் சொல்லும். இல்லாவிட்டால் பெரும்பாலும் சும்மா இருக்கும். பேட்டரி ஒரு வருடம் தாங்குவது இந்தச் சிக்கனத்தால்தான். ஆனால் திரையில் 5.1 என்ற எண் அசையாமல் நிற்கும்போது, எல்லாம் ஒழுங்காக இருப்பதால் நிற்கிறதா, சென்சார் செத்ததால் நிற்கிறதா என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. நான் பயன்படுத்துகிற ஜிக்பீ2எம்க்யூடிடி என்ற மென்பொருள், பேட்டரிக் கருவி ஒன்றிடமிருந்து 25 மணி நேரம் சத்தமில்லாவிட்டால்தான் அதைத் தொடர்பற்றது என்று அறிவிக்கும்; நாம் மாற்றாதவரை அதுதான் கணக்கு. விளக்குச் சுவிட்சுக்கு அது சரி. மே மாத இன்சுலினுக்கு ஆகாது.

இதன் கீழே ஓடுகிற எம்க்யூடிடி என்ற செய்தி முறையை 1999இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் என்ற இருவர் எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்க வகுத்தார்கள். செயற்கைக்கோள் வழி இணைப்பு, அடிக்கடி அறுந்துபோகும். அதனால் ஒரு கருவி இணையும்போதே தன் கடைசிச் செய்தியையும் கொடுத்துவைக்கிறது: நான் சொல்லாமல் காணாமல்போனால் என் சார்பில் இதை அறிவித்துவிடு என்று. எண்ணெய்க் குழாய்க்கு யோசித்தவர்களுக்கு, ஆணியில் தொங்கிய பதிவேட்டின் வெற்றுக் கட்டம் புரிந்திருக்கும். நாட்டின் தடுப்பூசிக் கிடங்குகளில் 2015இல் தொடங்கிய ஈவின் திட்டத்தில் ஐ.எல்.ஆர். பெட்டிகளுக்கே இப்படிக் கருவி வைத்து, வெப்பம் மீறினால் பொறுப்பாளரின் போனுக்குச் செய்தி போகும்படி செய்திருக்கிறார்கள். அது எங்கள் பக்கம் வருவதற்குள் அத்தை ஓய்வு பெற்றுவிட்டார்.

எச்சரிக்கை என் போனுக்கு வரும்படி எழுதியிருந்ததை அவரிடம் காட்டினேன். ஒத்துக்கொள்ளவில்லை.

“நீ மெட்ராஸ்ல இருந்துக்கிட்டு என்ன செய்வ? எனக்கு போன் போட்டுச் சொல்லுவ. நான் இங்கதான இருக்கேன். மொதல்ல எனக்குத் தெரியணும். நான் பாத்துட்டேன்னு உனக்குத் தெரியணும்.”

நியாயம் அவர் பக்கம். அப்படியே மாற்றி எழுதினேன். ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் ஒரு கம்பியில்லாப் பொத்தான் ஒட்டியாயிற்று. காலையிலும் மாலையிலும் திரையில் எண்ணைப் பார்த்துவிட்டு அத்தை அதை அழுத்துவார், நேரத்தோடு பதிவாகும். 7.5ஐத் தாண்டினாலோ 2.5க்குக் கீழே போனாலோ முதலில் ஹாலில் சைரன், அரை மணிக்குள் பொத்தான் அழுத்தப்படாவிட்டால் என் போனுக்கு. இரண்டு மணி நேரம் சென்சாரிடமிருந்து ஒரு வாசிப்பும் வராவிட்டால், 5.1ஐத் திரையிலிருந்து எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாகக் காட்டி, இருவருக்கும் சொல்லும்.